மூணாம் நம்பர் ஜன்னல்

அத்தியாயம் 4

பல் வலி இல்லாமல் பல் டாக்டரின் நாற்காலியில் படுத்துக்கிடப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அசைந்தால் நாற்காலி கிரீச்சிடும். கிரீச்சிட்டால் கம்ப்யூட்டரின் மைக்கில் விழும். விழுந்தால் கடல் தாண்டி இருப்பவர்களுக்கும் கேட்டுவிடும். ஜன்னல் இல்லாத அறை, மூடிய கதவு, தலைக்கு மேலே விளக்கு. மூக்கு வேறு அரித்தது.

"அசையாதீங்க மாப்பிள்ளை," என்று கதவு மூலையிலிருந்து கிசுகிசுத்தார் என் மாமியார்.

"மூச்சாவது விடலாமா அத்தை?"

"அளவா விடுங்க."

ஆமாம், துப்பறியும் நிபுணர் என் மாமியார்தான். நான் வெறும் எடுபிடி. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் டிரங்க் கால் போட்டுக்கொடுத்தவர். ரிட்டையரான மறுவாரமே துப்பறியும் ஏஜென்சி என்று போர்டு மாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து எனக்கு வேலை போக, "அம்மாவுக்குத் துணையா இருங்களேன்" என்று என் மனைவி கோத்துவிட்டாள். மாப்பிள்ளை என்பதால் என்னை மரியாதையோடுதான் திட்டுவார். மரியாதை கூடினால் திட்டு கூடுகிறது என்று அர்த்தம்.

அறையின் சொந்தக்காரரான பல் டாக்டர்தான் எங்கள் கட்சிக்காரர். அவர் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பட்டனைத் தப்பான துளையில் மாட்டினார். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிற கை!

விஷயம் இதுதான். டாக்டரையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம். ஞாயிறு மாலை நாலு மணிக்கு வீடியோ கூட்டத்தில் எல்லோரும் கூடுவார்கள். மூன்றாவதாகப் பிறந்த சின்னக்கா, பெரிய அண்ணன் வீட்டிலேயே தங்கி, மாடிப்படியில் தவறி விழுந்து, பேச்சும் போய், நாலு வருஷமாகப் படுக்கையில் கிடக்கும் அண்ணியைக் கவனித்துக்கொண்டிருந்தவர். இரண்டு மாதத்துக்கு முன் திடீரென்று ஒரு பனி நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். அதாவது, போய்விட்டதாக அண்ணன் சொன்னார். அதற்கப்புறமும் வாரம் தவறாமல் கூட்டத்துக்கு வருகிறார். முகம் தெரிகிறது. "நல்லா இருக்கேன்" என்கிறார். அவ்வளவுதான்.

"எங்க சின்னக்கா போன் எடுத்தா பேட்டரி தீர்ற வரைக்கும் பேசுவாங்க மேடம். இப்ப ரெண்டே வார்த்தை. எனக்கு என்னமோ சரியாப் படலை," என்று டாக்டர் எங்களிடம் வந்து அழுதார்.

போலீஸுக்கும் போயிருக்கிறார். அங்கே அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சிரித்து அனுப்பிவிட்டார்களாம். "காணாமப் போனாத்தானே சார் கேஸு? உங்க அக்காவைத்தான் வாராவாரம் நீங்களே காணுறீங்களே!"

நாலு மணி. திரையில் ஐந்து ஜன்னல்கள் திறந்தன. நான் கழுத்தை ஒருக்களித்துப் பார்த்தேன்.

முதல் ஜன்னலில் பெரிய அண்ணன், ரிட்டையர்டு காலேஜ் பிரின்சிபால். கூட்டத்தை நடத்துவது அவர்தான். இதே ஊரில், வண்டியில் பன்னிரண்டு நிமிஷத் தூரத்தில்தான் இருக்கிறார். ஆனால் நோயாளி இருக்கிற வீடு, தொற்று வந்துவிடும் என்று கூடப்பிறந்த தம்பியைக்கூட வாசல்படி ஏற விடுவதில்லை. ஆகவே ஒரே ஊர் அண்ணன் தம்பியும் திரையில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டாவது ஜன்னலில் பெரியக்கா, தூர தேசத்தில் பூக்கடை வைத்திருப்பவர். அங்கே விடியற்காலை, கையில் காபிக் கோப்பை. மூன்றில் சின்னக்கா, பின்னால் கண்ணாடி ஜன்னலும் பனி கொட்டும் மரங்களும். நான்கில் கப்பல் சமையல்காரரான சின்ன அண்ணன், எங்கேயோ ஒரு துறைமுகத்தில் பாதித் தூக்கத்தில். ஐந்தாவது நம் டாக்டர்.

"எண்ணலாமா?" என்றார் பிரின்சிபால்.

அது அந்த வீட்டுப் பழக்கம். சின்ன வயதில் பஸ் ஏறும்போதெல்லாம் ஒரு பிள்ளையாவது தொலைந்துபோகுமாம். அதனால் அவர்கள் அப்பா, உட்கார்ந்ததும் எண்ணச் சொல்வாராம். பிறந்த வரிசையில் ஆளுக்கொரு எண். அதுவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் வந்துவிட்டது.

"ஒண்ணு," என்று சொல்லிவிட்டுப் பிரின்சிபால் உடனே தன் மைக்கை மூடினார்.

"ரெண்டு."

"மூணு."

"...நாலு."

"அஞ்சு," என்றார் டாக்டர்.

அதற்குப் பின் பனி ஜன்னலில் ஏதோ ஒரு சத்தம். நாற்காலி நகர்வதைப் போல, அல்லது யாரோ தொண்டையைச் செருமுவதைப் போல. சின்னக்கா படக்கென்று தன் மைக்கை மூடினார். அவர் தலையைத் திருப்பியபோது பின்னாலிருந்த பனி அவர் காதைக் கொஞ்சம் தின்றுவிட்டுத் திரும்பக் கொடுத்தது. கம்ப்யூட்டர் ஒட்டிய பின்னணிப் படமாக இல்லாமல் நிஜப் பனியாக இருந்தால் காது அப்படிக் காணாமல் போகாது.

மாமியார் காதில் இயர்போனோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பயந்தேன். இல்லை. கண்ணைத் திறந்து, டாக்டரின் மருந்துச் சீட்டில் ஒரு வரி எழுதி, அவர் பக்கம் தரையோடு தரையாகத் தள்ளிவிட்டு மறுபடி கண்ணை மூடினார். "இன்னொரு தடவை எண்ண வையுங்க."

டாக்டர் சமாளித்தார். "அண்ணா, நாலு சரியாக் கேக்கலை. தூங்கி வழியுறார் பாருங்க. திரும்ப எண்ணலாமே."

திரும்ப எண்ணினார்கள். மாமியார் கண்ணைத் திறந்தார். இன்னொரு சீட்டில் எதையோ எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

அப்போதுதான் பிரின்சிபால் குண்டைப் போட்டார். "எல்லாருக்கும் ஒரு விஷயம். இன்னையோட மூணாம் நம்பர் கூட்டத்துக்கு வராது. அவளுக்கு வேற ஊருக்கு மாத்தல். அங்க நெட் கிடையாது, போனும் எடுக்காது. பேசறதை இன்னைக்கே பேசிக்கோங்க."

"என்ன அண்ணா இப்படித் திடீர்னு?" என்று பெரியக்கா பதறினார். "எந்த ஊரு? எத்தனை மாசம்?"

"பேசணும்னா கையைத் தூக்கிட்டுப் பேசு," என்று பிரின்சிபால் அவர் பேச்சை வெட்டினார்.

பெரியக்கா பாவம், கையைத் தூக்கினார். "நீயே சொல்லுடி. போய்த்தான் ஆகணுமா?"

பிரின்சிபால் தன் மைக்கை மூடினார். சின்னக்கா தன்னுடையதைத் திறந்தார். "ஆமாக்கா. நல்லா இருக்கேன்." மூடினார். உதடு சிரித்தது. கண் சிரிக்கவில்லை. பல் டாக்டருக்குப் பிடித்த மாதிரி பல் மட்டும் தெரிந்த சிரிப்பு.

இலவசக் கூட்டம் அது. நாற்பது நிமிஷத்தில் தானாக அறுந்துவிடும். மணி நாலு பத்து. மிச்சம் முப்பது. அதற்கப்புறம் இந்த மனுஷியைத் தேட ஒரு நூல்கூடக் கிடையாது.

மாமியார் எனக்குக் கதவைக் காட்டினார். டாக்டர் புரிந்துகொண்டு எச்சில் உறிஞ்சும் மெஷினைத் தட்டிவிட்டார். "மன்னிச்சுக்கோங்க, மெஷின் தானா ஓடுது!" அந்தக் களேபரத்தில் நாங்கள் வெளியே நழுவினோம்.

"எங்க அத்தை போறோம்?" என்று காரைக் கிளப்பினேன்.

"பிரின்சிபால் வீட்டுக்கு."

"பனி நாட்டுல இருக்கிறவங்களைத் தேட எதுக்கு இந்தப் பக்கம்?"

"மாப்பிள்ளை, அவங்க எண்ணினதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். அஞ்சு வரைக்கும் எனக்கும் தெரியும்."

"ரொம்பச் சந்தோஷம். டிரங்க் கால்ல தூரத்து ஆள் பதில் சொல்றதுக்கு முன்னால ஒரு சின்ன இடைவெளி வரும். குரல் போய்ட்டு வரணும்ல? இந்த நெட்லயும் அது வருது, கொஞ்சம் கம்மியா. நாலாம் நம்பர் அப்படித்தான் இழுத்து வந்தார். ஆனா மூணு? ரெண்டு முடிஞ்ச கையோட மூணு வந்து விழுது. ரெண்டு தடவையும். அந்தக் குரல் கடல் எதையும் தாண்டி வரலை. இந்த ஊர்லதான் இருக்கு."

"அவங்க சுறுசுறுப்பான ஆளா இருக்கலாமே?"

"சுறுசுறுப்பு இருந்தா அவங்க முன்ன மாதிரி பேசியிருப்பாங்க. எண்ணுறது மட்டும்தான் யோசிக்காம வாயில வர்றது. அதனாலதான் திரும்ப எண்ணச் சொன்னேன்."

வலது பக்கம் திரும்பினேன். "சரி, இந்த ஊர்னு வைங்க. இவ்வளவு பெரிய ஊர்ல பிரின்சிபால் வீடுதான்னு எப்படி? அந்தக் கூட்டத்துலயே ஒழுங்கான மனுஷன் அவர் ஒருத்தர்தான். மத்தவங்க பேசும்போது மைக்கை மூடி வைக்கிறார். என்னை யாராவது அப்படிப் பேச விட்டிருக்காங்களா?"

"மத்தவங்க பேசும்போதா மூடினார்? பெரியக்கா பேசும்போது அவர் மைக் திறந்துதான் இருந்தது. அதனாலதான் குறுக்க வெட்ட முடிஞ்சது. மூணாம் நம்பர் பேசப்போறப்போ மட்டும்தான் மூடினார். இவர் திறந்தா அவங்க மூடுறாங்க. அவங்க திறந்தா இவர் மூடுறார். ஏன்?"

எனக்குச் சட்டென்று போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தது ஞாபகம் வந்தது. ஒரே கூட்டத்தில் நான் ஹாலிலிருந்தும் என் மனைவி பக்கத்து அறையிலிருந்தும் சேர்ந்தோம். இரண்டு மைக்கும் திறந்திருக்க, வீடே ஊளையிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

"அடக் கடவுளே!" பிரேக்கை மிதித்துவிட்டேன்.

"வண்டியை நிறுத்தாதீங்க மாப்பிள்ளை. தயவுசெஞ்சு ஓட்டுங்க." மரியாதை கூடிவிட்டது. ஓட்டினேன்.

பிரின்சிபால் வீடு தெருக்கோடியில் இருந்தது. மாடி வீடு. ஜன்னல் எல்லாம் அடைத்துக்கிடந்தன. வாசலில் இரும்புக் கிரில் கேட். பக்கச் சுவரில் இன்டர்நெட் கேபிள் இறங்கி ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் போனது. மாமியார் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"முப்பது வருஷம் கனெக்ஷன் குடுத்த கை இது. இன்னைக்குத்தான் முதல்தடவையா பிடுங்குது," என்று சொல்லிக் கேபிளை உருவினார்.

பத்து விநாடி ஆகியிருக்கும். என் போனில் டாக்டரிடமிருந்து செய்தி. "அண்ணன் அப்படியே உறைஞ்சு நிக்கிறார்." உடனே இன்னொன்று. "சின்னக்காவும்."

"பனி நாட்டுக்கும் இந்தப் பெட்டியிலிருந்துதான் லைன் போகுது போல," என்றேன். சிரிப்பு வரவில்லை. அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு மனுஷி இருக்கிறார் என்பது இப்போது உறுதியாகிவிட்டது.

கேட் திறந்தது. பிரின்சிபால் உயரமாக, இஸ்திரி போட்ட சட்டையில், மூக்குநுனியில் கண்ணாடியோடு நின்றார்.

"நெட் போயிடுச்சு."

"அதுக்குத்தான் சார் வந்திருக்கோம்," என்றார் மாமியார். "தெரு முழுக்கப் புகார். உள்ள இருக்கிற பெட்டியைப் பார்க்கணும்."

அவருக்கு அவசரம். தான் இல்லாத நேரத்தில் தம்பி தங்கைகள் என்ன பேசிக்கொள்கிறார்களோ என்ற பதற்றம் முகத்தில் தெரிந்தது. உள்ளே விட்டார்.

ஹாலில் மேஜை, லேப்டாப். ஹாலைத் தாண்டி நீளமான நடை. நடையில் வரிசையாக நாலு கதவு. நாலிலும் ஒரே மாதிரி பூட்டு.

"அங்க என்ன சார் இருக்கு?" என்றேன்.

"பழைய சாமான். பெட்டி இந்தப் பக்கம்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "டூல்ஸ் எங்க? உங்க அடையாள அட்டை எங்க?"

நான் சட்டைப்பையைத் தடவினேன். உள்ளே பல் டாக்டர் கொடுத்த பஞ்சு உருண்டைதான் இருந்தது.

மாமியார் நாடகத்தை முடித்துக்கொண்டார். "சார், உங்க தங்கச்சி எந்த ரூம்ல இருக்காங்க?"

பிரின்சிபால் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நிதானமாக நடந்துபோய் கிரில் கேட்டை இழுத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பொய் சொல்லி வீட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கீங்க. இந்த ஏரியா இன்ஸ்பெக்டர் என் ஸ்டூடண்ட். இப்ப கூப்பிடுறேன். என் தங்கச்சி வெளிநாட்டுல இருக்கா. இல்லைன்னு நிரூபிங்க பார்ப்போம்."

மாமியார் நடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா! உள்ள இருக்கீங்களா? உங்க தம்பிதான் எங்களை அனுப்பினார்!"

இன்னொரு தரம் கூப்பிட்டார். நாலு கதவும் ஊமையாக நின்றன.

"தெரியாத ஆளுக்கு எப்படி அத்தை பதில் சொல்வாங்க?" என்று முணுமுணுத்தேன். முன்னால் பூட்டிய கேட், பின்னால் பூட்டிய கதவுகள், நடுவில் நாங்கள். பிரின்சிபால் இன்ஸ்பெக்டரோடு பேச ஆரம்பித்துவிட்டார். அவர் வந்தால் உள்ளே போவது நாங்கள்தான். சின்னக்கா இன்று ராத்திரியே எங்கேயோ மாற்றப்பட்டுவிடுவார். என் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலைகூட ஒரு பக்கம் ஓடியது.

"தெரிஞ்ச ஆள் கூப்பிடட்டும்," என்றார் மாமியார். "டாக்டரைப் புதுசா ஒரு கூட்டம் போடச் சொல்லுங்க. உங்க போன்ல திறங்க. சத்தத்தை முழுசா வைங்க."

திறந்தேன். என் போனில் மூன்று முகங்கள். டாக்டர், பெரியக்கா, சின்ன அண்ணன். மற்ற இருவருக்கும் டாக்டர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். பெரியக்கா அழுதுகொண்டிருந்தார். சின்ன அண்ணனுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"எண்ணுங்க," என்று மட்டும் சொன்னார் மாமியார்.

போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைக்குள் போனேன். பிரின்சிபால் கையிலிருந்த போனைத் தாழ்த்தினார். "நிறுத்துங்க! என்ன இது?"

"ஒண்ணு சொல்ல வேண்டியவர் சொல்ல மாட்டார்," என்று பெரியக்காவின் குரல் உடைந்து வந்தது. பிறகு ஊரே கேட்கக் கத்தினார். "ரெண்டு!"

போனைக் கதவுக்குக் கதவு திருப்பிக் காட்டினேன்.

"ரெண்டு! அடியே, நான்தான்டி! ரெண்டு!"

மூன்றாவது கதவுக்குப் பின்னாலிருந்து, எந்த இடைவெளியும் இல்லாமல், எந்த மைக்கும் இல்லாமல் ஒரு குரல் வந்தது.

"மூணு!"

"நாலு!" என்று போனில் கப்பல்காரர் அலறினார்.

"அஞ்சு! அக்கா, அஞ்சு!" என்று டாக்டர் தேம்பினார்.

நான் அந்தக் கதவின்மேல் கையை வைத்து நின்றேன். முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கதவுக்கு உள்ளே இன்னொரு குரல், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துச் சுமந்துகொண்டு வந்தது.

"ஆ...று."

"யாரு அது?" என்றார் பெரியக்கா. "நாங்க அஞ்சு பேர்தானே?"

மாமியார் மருந்துச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். வட்டத்துக்குள் ஆறு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பனி ஜன்னலில் கேட்டது நாற்காலிச் சத்தம் இல்லை என்று இந்த மனுஷிக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

"அண்ணி!" என்று உள்ளேயிருந்து சின்னக்கா கதவைத் தட்டித் தட்டி அழுதார். "அண்ணி பேசுறாங்க! ரெண்டு மாசமாப் பேசுறாங்க! கூட்டத்துல நாம எண்ணுறதைக் கேட்டுக் கேட்டு அவங்களும் எண்ண ஆரம்பிச்சாங்க. அப்புறம் பேச்சு வந்ததும் முதல் முதலா என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? மாடிப்படியில அவங்க தவறி விழலையாம்! அண்ணன் தள்ளிவிட்டாராம்! அதைக் கேட்டுட்டு அன்னைக்கே என்னையும் சேர்த்துப் பூட்டிட்டார். நான் வாயைத் திறந்தா அண்ணிக்கு மருந்தை நிறுத்திடுவேன்னு சொன்னார். அதான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு..."

நாங்கள் ஒரு தங்கையைத் தேடி வந்தோம். அந்த ஆள் பூட்டி வைத்திருந்தது தங்கையை அல்ல. நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்த தன் பெண்டாட்டியின் பேச்சை.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவளுக்கு மூளை கலங்கிப்போச்சு. டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. அவ சொல்றதுக்கெல்லாம் அர்த்தம் கிடையாது."

"மூளை கலங்கினவங்க அஞ்சுக்கு அப்புறம் ஆறுன்னு சொல்ல மாட்டாங்க சார்," என்றார் மாமியார்.

பிரின்சிபால் சட்டென்று வாசலுக்கு ஓடினார். கேட்டைப் பிடித்து உலுக்கினார். பூட்டியது தான்தான் என்பதும் சாவி தன் பையில்தான் இருக்கிறது என்பதும் அவருக்கு ஒரு கணம் மறந்தேபோயிற்று. ஞாபகம் வந்து சாவியை எடுத்தபோது, கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப் வந்து நின்றது. அவரே கூப்பிட்ட இன்ஸ்பெக்டர்.

"சார், என்ன சார் ஆச்சு? திருடங்க எங்க?" என்று இறங்கி வந்தார் அந்த ஸ்டூடண்ட்.

பிரின்சிபால் வாயைத் திறந்தார். அதற்குள் என் போனில் பெரியக்கா, கையைத் தூக்காமலே, உத்தரவு கேட்காமலே பேசினார்.

"அண்ணா, நீ மைக்கை மூடு. தம்பி, இன்னொரு தடவை எண்ணுவோம். இன்ஸ்பெக்டர் கேக்கட்டும். இந்தத் தடவை ஆறு வரைக்கும்."